திந்திரிணி வனத்தில் மரம் அறிவார் யார்?

சபை நடுவே நீட்டிய ஓலையை வாசிக்கத் தெரியாமல் விழித்து நிற்பவனை மரம் என்று இடித்துரைத்தார் மூதுரை பாடிய ஔவையார். எழுத்தை வாசிக்க அறியாதவன் மரம் என்றால், மரத்தையே வாசிக்க அறியாதவனை என்னென்பது? பட்டங்கள் பல பெற்றும், நாள்தோறும் தம் வண்டியை நிறுத்தும் நிழல் புங்கினுடையதா பூவரசினுடையதா என்று சொல்ல இயலாதோர் இன்று நம்மிடையே மிகப் பலர். எழுத்தறியாமையை நாணத்தக்கதாகக் கருதும் நாம், இந்த அறியாமையை ஒரு குறையென்றே எண்ணுவதில்லை. மரங்களைப் பெயர் சொல்லி இனங்காண்பது தாவரவியல் துறையாரின் வேலை என்று ஒதுங்கிவிட்டோம். அப்படி ஒதுங்கியதால் வீட்டிலும் ஊரிலும் பள்ளிவாசலிலும், இறப்பு நிகழ்ந்த வீட்டு முற்றத்திலுங்கூட நாம் இழந்து வருவது சிறிதன்று.

நாம் வாழும் பகுதிக்கு இவ்வறியாமை சற்றும் பொருந்தாது. திண்டிவனம் என்னும் பெயரைத் 'திந்திரிணி வனம்' என்பதன் திரிபாகக் கூறுவர். திந்திரிணி என்பது புளிய மரத்தைக் குறிக்கும் வடசொல். ஊரிலுள்ள பழைய சிவன் கோயிலின் இறைவன் பெயரும் திந்திரிணீசுவரர். ஆக, இது புளியங்காட்டு ஊர். அதே புளியை அரபியர் 'தமர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அழைத்தனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டு இட்ட பெயரில் 'டமரிண்டஸ் இண்டிகா' என நிலைபெற்றது. ஒரே பெயரில் இந்தியா இருமுறை வந்தும், அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பர் இன்றைய தாவரவியலார்! வேம்பின் கதையும் இத்தகையதே. 'அசாடிராக்டா இண்டிகா' என்பதன் முற்பகுதி, கட்டற்ற மரம் எனப் பொருள்படும் 'ஆசாத் திரக்த்' என்னும் பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. நம் குழம்புப் புளியின் அறிவியற் பெயரில் அரபும், நம் வாயில் வேம்பின் அறிவியற் பெயரில் பாரசீகமும் ஒளிந்திருப்பதை, அம்மொழிகளைப் போற்றும் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர் அறிவர்?

விழுப்புரம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களும் மரம் பேசுவனவே. விக்கிரவாண்டிக்கு அருகில் பனையபுரம், பல்லவர் காலக் கற்றளி நிற்கும் பனைமலை, அங்குள்ள இறைவன் பெயரோ தாலகிரீசுவரர், தாலம் என்றாலும் பனையே, இருப்புப்பாதையில் மாம்பழப்பட்டு, கடற்கரைப் பக்கம் ஆலங்குப்பம். மரத்தை அடையாளமாகக் கொண்டு ஊரை அறிந்தவர்கள் நம் முன்னோர். இன்று நாம் ஊர்ப்பலகையைக் கொண்டே மரத்தின் பெயரை நினைவுகூர வேண்டியுள்ளது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையை மூத்தோர் நினைவிற் கொண்டிருப்பர். இரு மருங்கும் புளிய மரங்கள் கைகோத்து நிற்க, பகலிலும் வெயில் படாத சாலை அது. சாலையோரப் புளிக்கு வெள்ளைச் சுண்ணம் பூசி, எண் எழுதி, ஆண்டுதோறும் மகசூலை ஏலம் விடுவது அரசுத் துறையினரின் வழக்கம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சாலை நான்கு வழியாக அகன்றபோது அம்மரங்கள் பல வீழ்ந்தன. அவற்றுக்கு எண் இருந்தது. இன்ன மரம் இன்ன ஊரின் எல்லையில் நின்றது என்று சொல்லும் வாய்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தன. பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாத மரத்தை வெட்டுவது எளிது.

தமிழ் படிக்கும் மாணவர்க்கு மரமறிதல் புறப்பாடம் அன்று. தொல்காப்பிய மரபியலைப் புரட்டினால் இது விளங்கும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார் அவ்விலக்கண ஆசிரியர். இவ்விதிப்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தவை. 'இத்தனை உயரமான பனை புல்லா?' என்று வகுப்பில் சிரிப்பவர் உண்டு. பனையைப் பிளந்து வாரை அறுத்த தச்சரைக் கேட்டுப் பாருங்கள். உறுதியெல்லாம் மேற்புறத்தில், நடுவே வெறுஞ்சோறு. வேம்பையோ கருவேலத்தையோ அறுத்தால் உறுதி நடுவில் இருக்கும். இன்றைய தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிரிப்பதும் பெரும்பாலும் இக்கோட்டின் வழியேதான் செல்கிறது. அதுமட்டுமன்று, புல்லினத்தின் உறுப்புகளுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்றும், மரத்தின் உறுப்புகளுக்கு இலை, தளிர், சினை, குழை என்றும் தனித்தனிச் சொற்களை வகுத்து வைத்தது அந்நூல். தென்னை இலை என்று நாம் சொல்வதில்லை, தென்னை ஓலை என்கிறோம். அந்த அளவுக்கு நம் நாவில் அறிவியல் குடிகொண்டிருக்கிறது. கண்ணில்தான் இல்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவரை நான் கண்டதுண்டு. பரிசும் வாங்குவர். அவற்றுள் பத்து மலரை நேரிற் காட்டச் சொன்னால் தடுமாறுவர். ஐந்திணையின் பெயர்களே செடி, கொடி, மரங்களின் பெயர்கள் அல்லவா! மருதத்திணையைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதிவிட்டு வெளியே வருபவருக்கு, ஆற்றங்கரையில் வழவழப்பான வெளிர்ந்த பட்டையோடு நிற்கும் நீர்மருது வெறும் 'ஏதோ ஒரு மரம்'. பாலைத்திணைக்குப் பெயர் தந்த பாலை எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெட்பாலை என்பார் சிலர். உலக்கை செய்ய உதவும் கனத்த மரமாகிய உலக்கைப்பாலை என்பார் சிலர். நேரில் இரண்டையும் பார்த்த மாணவன் அவ்விவாதத்தில் ஒரு கருத்தாவது சொல்வான். பார்க்காதவன் உரையாசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்வான்.

ஏட்டை விட்டு வீட்டிற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நள்ளிரவில் முதியவர் ஒருவர் இறையழைப்பை ஏற்றார். ஜனாஸா குளிப்பாட்டலுக்கு இலந்தை இலை வேண்டும். மூன்று இளைஞர்கள் இரு வண்டிகளில் கிளம்பினர். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, "இலந்தை இங்கெல்லாம் இல்லை, விடிந்ததும் டவுனில் பொடியாக வாங்கிவிடலாம்" என்றனர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "பள்ளிவாசல் குளத்து மேட்டில் நிற்கிறதே, தம்பி! அஞ்சு வேளையும் அதைக் கடந்துதானே போகிறீர்கள்?" என்றார். அவரே ஒரு பேரனை உடனழைத்துச் சென்று, கைவிளக்கு ஒளியில் ஓர் இலையைப் புரட்டிக் காட்டி, வேண்டிய கொத்தைப் பறித்து வரச் செய்தார்.

அவர் இலையைப் புரட்டியது காரணத்தோடுதான். இலந்தையின் இலை மேற்புறம் பளபளக்கும் பச்சை. அடிப்புறமோ வெள்ளை மயிர் படர்ந்து, மாவு தடவியது போலிருக்கும். காம்பிலிருந்து மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். கணுவில் முள் இரண்டு. ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் இருப்பது வழக்கம். இம்மூன்றையும் நினைவில் கொண்டவருக்குக் காயும் வேண்டா, பகல் வெளிச்சமும் வேண்டா. இலந்தையின் உறவான சூரைமுள்ளோடு மயங்கவும் நேராது. சூரை கொடிபோலப் படரும், அதன் இலையின் அடிப்பகுதி ஒருபுறம் சாய்ந்திருக்கும், பழம் கருத்து மிளகை ஒத்திருக்கும். மையித்தைக் குளிப்பாட்டச் 'சித்ர்' இலையைப் பயன்படுத்துமாறு நபிமொழி வழிகாட்டியிருப்பதை நாம் அறிவோம். அரபு நாட்டுச் சித்ரும் நம் இலந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்து இலைக்கு அழுக்கை நீக்கும் இயல்பு உண்டு. கடல் கடந்து வந்த ஒரு நெறியை, இந்த மண்ணில் எந்த மரம் அதற்கு நேராகும் என்று கண்டறிந்து நடைமுறைப்படுத்திய நம் மூத்தோரின் மரமறிவை என்னென்று புகழ்வது! அவர்கள் தாவர நூல் எதையும் படித்தவர்கள் அல்லர். அந்த அறிவு இரண்டே தலைமுறையில், பொட்டலத்தில் வரும் பொடியாகச் சுருங்கிவிட்டது. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியும் அவ்வாறே. வெளிநாட்டுப் பெட்டியில் வருவதை விலை கொடுத்து வாங்குகிறோம். அதைத் தரும் உகாய் மரம் தமிழகக் கடற்கரையை ஒட்டிய உவர் நிலங்களிலும் வளர்வது என்பதையும், சங்கப் புலவர்கள் அதைப் பாடியுள்ளனர் என்பதையும் மறந்தோம்.

இனி, மரமறியாமை உயிருக்கே கேடு விளைவிக்கும் இடங்களும் உண்டு. எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினத்து உடன்பிறப்புகள். வட தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் இரண்டும் காணப்படுவன. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்துக் குடித்தனர் நம் பாட்டியர். எட்டிக் கொட்டையோ ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டது. எட்டியின் பழம் ஆரஞ்சு போல் உருண்டு திரண்டு கண்ணைப் பறிக்கும். தேற்றாவின் பழம் சிறிது, பழுத்தால் கருமை. 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழி சொல்லத் தெரிந்த நமக்கு, எட்டியைக் காட்டத் தெரியவில்லை. காட்டாமணக்கு விதையை நிலக்கடலை போல் மென்று, வாந்தியெடுத்து மருத்துவமனை சேரும் சிறார் செய்தி நாளேடுகளில் அவ்வப்போது வருகிறது. வேலியோரத்தில் மஞ்சள் அரளி காய்த்து நிற்காத ஊரில்லை. அதன் கொட்டை இதயத்தைத் தாக்கும். இவற்றை வெட்டி அழிக்க வேண்டுமென நான் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் அகர வரிசையோடு இந்த நான்கைந்து செடிகளையும் ஆசிரியர் நேரிற் காட்டிவிட்டால் போதும்.

வீடு கட்டுவோர் மரக்கடையில் படும் பாட்டைச் சொல்லி மாளாது. நிலைக்கும் கதவுக்கும் வேங்கை என்று விலை பேசுவர். வந்து இறங்குவது எதுவென்று வாங்கியவர்க்குத் தெரியாது. வேங்கையின் வயிரச் செதிளை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஊறவைத்துப் பாருங்கள். நீர் தேன்நிறமாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் மின்னும். நீரிழிவுக்காரர் நீரூற்றிக் குடிக்கும் வேங்கை மரக் குவளையில் தெரியும் அதே நீலந்தான். செலவில்லாத சோதனை, செய்வார் அரியர். 'ஒதி பெருத்தால் உத்திரமாகாது' என்று பழமொழியாகவே சொல்லி வைத்தார்கள். வேலிக்கு நட்டால் கிளையே துளிர்த்து விரைவில் பருக்கும் ஒதிய மரம் உத்திரத்தின் சுமைக்கு ஆகாது என்பது அதன் பொருள். பழமொழி தேர்வுக்கு வருகிறது. ஒதிய மரம் வருவதில்லை.

மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இயைத்துப் பொருள் கூறுவோர் உண்டு. அச்சொல்லாராய்ச்சி எப்படியாயினும், சோழமண்டலக் கரையில் கலம் கட்டி ஓட்டிய நம் முன்னோர் மரத்தை அறியாமல் கடலில் இறங்கியிருக்க முடியாது. வளைந்த விலாக்கட்டைக்குக் கருவேலம், பலகைக்கு இலுப்பை, பாய்மரத்துக்குப் புன்னை என்று தெரிந்து தேர்ந்தனர். தவறாகத் தேர்ந்தால் தண்டனை நடுக்கடலில் காத்திருக்கும். அதனாலேயே அந்த அறிவு அவர்களிடம் கூர்மையாக இருந்தது போலும்.

நாட்டு மருந்துக் கடையிலும் இதே நிலைதான். மகளிர் நோய்க்கு உரிய அசோகப் பட்டையின் பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து விற்கப்படுவதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். அலுவலகங்களின் மதிலோரம் ஊசிபோல் ஓங்கி நிற்பதை அசோக மரம் என்றே படித்தவரும் சொல்கின்றனர். அது நெட்டிலிங்கம், ஓரம் அலையலையாய் நெளிந்த தனியிலை, பச்சை நிறப் பூ. உண்மை அசோகமோ கூட்டிலை உடையது, தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூ செந்தழற்கொத்து.

புயற்காலத்தில் மரமறிவு உயிர்காக்கும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலை நம் பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் வந்த 'ஃபெஞ்சல்' புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இத்தகைய காற்றிலும் மழையிலும் முதலில் முறிவன, விரைந்து நிழல் தரும் என்பதற்காக நாம் விரும்பி நட்ட குல்மோஹர் போன்ற அயல்நாட்டு அழகு மரங்கள். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய 'வார்தா' புயலும் இதையே காட்டிற்று. புன்னையும் பூவரசும் கடற்காற்றோடு பழகியவை. கன்று நடும் விழாவில் விருந்தினரின் பெயரைப் பலகையில் எழுதும் நாம், கன்றின் பெயரை எழுதுவதில்லை. எது நடப்படுகிறது என்று விருந்தினரும் கேட்பதில்லை.

கன்றுப் பருவத்தில் அறிவதே இன்னும் பயனுடையது. பள்ளிவாசல் மினாராவின் விரிசலில் பறவை எச்சத்தால் ஓர் அரசங்கன்று முளைக்கிறது. இரண்டு இலையிலேயே இனங்கண்டு பிடுங்கிவிட்டால் ஒரு நிமிட வேலை. 'ஏதோ செடி' என்று விட்டுவிட்டால் ஐந்தாண்டில் வேர் சுவரைப் பிளக்கும். இலட்சக் கணக்கில் செலவு. அரசிலைக்கு வால்போல் நீண்ட நுனி உண்டு, கிள்ளினால் பால் வடியும். பூவரசின் இலையும் இதய வடிவமே, ஆயினும் அந்த நீண்ட வால் இல்லை, பாலும் வடியாது, மஞ்சட்பூ மலரும். அரசின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'பூவோடு கூடிய அரசு' என்று பெயரிலேயே வேறுபாட்டைப் பொதிந்து வைத்தான் பெயரிட்ட தமிழன்.

இப்போது நம் ஜமாஅத் பெரியோர்களிடம் ஒன்று சொல்ல விழைகிறேன், பொறுத்தருள வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் வீடுகள் நெருங்கிவிட்டன. பல ஊர்களில் எஞ்சியுள்ள பசுமை மையவாடிதான். உழவும் கட்டடமும் புகாமல் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்த நிலமாதலால், வேறெங்கும் காணாத மரங்கள் அங்கே தங்கிவிடுகின்றன. அத்தகைய நிலத்தைச் சீர்திருத்தும் வேளையில் 'முள்மரம் அகற்றல்' என்று ஒரே சொல்லில் ஒப்பந்தம் பேசுகிறோம். முள் இருப்பதெல்லாம் ஒன்றா?

நம் வட்டாரத்தார் வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது. ஏரியையும் தரிசையும் அடைத்துக்கொண்டது உண்மை. 2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையையொட்டி அதை அகற்றும் பணி பல மாவட்டங்களில் முனைப்போடு நடந்தது. அதை நான் மறுத்துரைக்கவில்லை. ஏழை வீட்டு அடுப்பைப் பல்லாண்டுகள் எரித்த மரம் என்ற நன்றி மட்டும் எனக்கு உண்டு. என் கவலை வேறு. அதன் அருகிலேயே நாட்டுக் கருவேலமும் வன்னியும் நிற்கக்கூடும். பொக்லைன் ஓட்டுபவர்க்கு மூன்றும் முள்தான். பூக்காலத்தில் வேறுபாடு வெளிப்படை. கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. வேலிகாத்தானின் பூ விரல்போல் நீண்ட கதிர். கருவேலங்காய் மணிமாலை போல் விதைக்கு விதை இடுக்கியிருக்கும். வேலிகாத்தானின் காய் இடுக்கின்றிச் சதைப்பற்றோடு மஞ்சளாய்த் தொங்கும். பூவும் காயும் இல்லாத காலத்தில் முள்ளைப் பாருங்கள்: முதலிரண்டுக்கும் கணுவில் இணையிணையாக முள் வரும். வன்னிக்கோ கிளை நெடுக ஆங்காங்கே சிறு கூம்பு போன்ற முட்கள். வன்னி மெல்ல வளர்வது. இன்று வெட்டினால் நம் பேரர் காலத்திலும் ஈடுசெய்ய இயலாது. வக்பு நிலத்தில் நிற்கும் மரமும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ? ஏலத்துக்கு முன், எத்தனை மரம் என்று எண்ணுவதோடு என்னென்ன மரம் என்றும் ஒரு தாளில் எழுதுங்கள். மூத்த ஒருவரும் நம் கல்லூரி மாணவர் இருவரும் அரை நாள் நடந்தால் முடிகிற வேலை. இப்படி ஒரு பதிவேடு இல்லாமல் மையவாடி மரத்தை விற்பதில்லை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் முடிவெடுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

காக்கப்பட்ட சிறு நிலம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கிறது. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் நெடுகப் படர்ந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. உலக்கைப்பாலை, வீரை, காசா என்று ஊரில் பெயரே வழக்கொழிந்த மரங்கள் அங்கே உயிரோடுள்ளன. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அச்செம்மண் மேடு மண்ணரித்துப் பொட்டலாய்க் கிடந்தது. முதலில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நட்டனர். பின்னர் இம்மண்ணுக்குரிய காட்டையே மீட்க எண்ணியபோது, எந்த மரம் இவ்விடத்துக்கு உரியது என்று அறியவும் விதை திரட்டவும் இத்தகைய கோயிற் காடுகளைத்தான் நாடிச் சென்றனர். ஐயனார் கோயிற்காடு செய்த அந்த உதவியை நம் மையவாடிகளும் செய்ய முடியும்.

அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பித் திருவக்கரைக்குச் சென்றால் வேறொரு வியப்பு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணிற் புதைந்து கல்லாகிப் போன அடிமரங்கள் அங்கே கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகிறது. இலையில்லை, பூவில்லை, கிளையில்லை, வேருமில்லை. வெள்ளத்தில் உருண்டு வந்து புதைந்தவை என்பர். அந்தக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியில் வைத்து, நீர் ஏறிய குழல்களின் அமைப்பைக் கொண்டு, இது இன்ன குடும்பத்து மரம் என்று சொல்லிவிட்டனர் அறிஞர். அவற்றுள் புளியின் குடும்பத்தைச் சார்ந்தவையும் உண்டு என்கின்றனர். கல்லாய்ச் செத்த மரத்துக்குப் பெயர் சொல்ல முடிகிறது. பச்சையாய் நிற்பதற்கு நாம் பெயர் சொல்ல மாட்டோமா?

கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் மரத்தின் பெயர் வந்துவிடுகிறதே, இத்தனை பாடு எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். நல்ல கருவிதான், நானும் மாணவர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். படத்துக்கு வாசனை இல்லை. கசக்கிய வேப்பிலையையும் வில்வத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியலாம், கைப்பேசி முகராது. இலையைப் புரட்டவும் காம்பைக் கிள்ளிப் பால் பார்க்கவும் அதற்குக் கையில்லை. மேலும் அது தரும் பெயர் உலகப் பெயர், ஊர்ப்பெயர் அன்று. ஊர்ப்பெயரிலோ சிக்கல் உண்டு. ஒரே மரத்துக்கு வட்டாரந்தோறும் வேறு பெயர். 'மலைவேம்பு' என்ற ஒரே பெயரில் வேறு வேறு மரங்கள். கன்றுக்காரரிடம் மலைவேம்பு கேட்டு வாங்கி ஏக்கர் கணக்கில் நட்டபின், தட்டொட்டு ஆலைக்கு உரிய இனம் அதுவன்று என்றறிந்து வருந்தும் உழவர் உளர். ஆகவே ஊர்ப்பெயரும் அறிவியற் பெயரும் ஒன்றோடொன்று பிணைத்து எழுதப்பட வேண்டும். சொல்லைத் தேடித் தொகுப்பது தமிழ்த்துறையின் பணி. சரிபார்ப்பது தாவரவியல் துறையின் பணி. இரு துறையும் ஒரே மாடிப்படியைத்தான் பயன்படுத்துகின்றன.

தொடங்குவது கடினமன்று. இலை தனித்தனியே மாறி மாறி வருகிறதா, எதிரெதிரே வருகிறதா? தனியிலையா, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையா? பால் உண்டா? கசக்கினால் மணம் என்ன? பட்டை வெடித்ததா, வழவழப்பா? இவ்வைந்து வினாவுக்கு விடை எழுதினாலே ஊரிலுள்ள மரங்களில் பெரும்பாலானவை பிடிபடும். சில மரம் ஏமாற்றும். சவுக்குக்கு இலை எது என்று கேட்டால் ஊசிபோல் தொங்குவதைக் காட்டுவர். அது இலையன்று, கணுக்கணுவாய் அமைந்த மெல்லிய சிறுகிளை. மரக்காணம் பக்கத்துச் சிறுவர்க்கு இது தெரியும். கணுக்கணுவாகக் கழற்றி மீண்டும் பொருத்தி, எந்தக் கணுவில் கழற்றியது என்று சொல் பார்ப்போம் என விளையாடியவர்கள் அவர்கள். கணுவைச் சுற்றிப் பல்போல் தெரியும் நுண்ணிய செதிள்களே அதன் இலைகள்.

நம் கல்லூரி வளாகத்தையே முதல் ஏடாகக் கொள்ளலாம். ஒவ்வொரு மரத்துக்கும் ஊர்ப்பெயர், இலக்கியப் பெயர், அறிவியற் பெயர் மூன்றையும் தாங்கிய பலகை ஒன்று. ஆணி அடிக்காமல், கயிற்றிற் கட்டியது. அடுத்து, மாணவர் தத்தம் ஊர் மையவாடியையும் கோயில் தோப்பையும் ஏரிக்கரையையும் பதிந்து வரலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் தம் பாட்டனாரையோ பாட்டியாரையோ உடனழைத்துச் செல்வது நன்று. அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், திருத்தலாகாது. இலையோடு பூவோ காயோ சேர்ந்த சிறு கொத்தைப் பழைய நாளேட்டின் மடிப்பில் வைத்து அழுத்தி உலர்த்திக் கொணர்ந்தால் துறையில் சரிபார்த்துத் தரப்படும். மாசியில் பல மரங்கள் இலையுதிர்த்துப் பட்டையைக் காட்டும். பங்குனி, சித்திரையில் புங்கும் வேம்பும் பூக்கும். அம்மூன்று மாதங்களில் ஒரே கிளையை மூன்று முறை சென்று பார்ப்பது, ஒரே நாளில் முப்பது மரம் பார்ப்பதைவிடப் பயன் தரும்.